வைத்தியருக்கு முன்னே தாதி
வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு

சில வாரங்களுக்கு முன் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து சக்கிறீஸ்தை விட்டு வெளியே வந்தபோது, கப்பல்துறைப் பக்கத்துத் தாயார் ஒருவர் வாசலில் காத்து நின்றார். மகள் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்திருக்கிறாள். மருத்துவபீடத்துக்குப் புள்ளிகள் காணாது. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். தகப்பனாருக்குத்தான் மனமில்லை. ஊரார் மலசலம் எடுக்கவா இவ்வளவு படிக்கவைத்தோம் என்பது அவருடைய கேள்வி. டாக்டர் என்றால் கடன் பட்டாவது அனுப்புவாராம். இதற்கு நான் என்ன சொல்லுகிறேன் என்று அந்தத் தாயார் கேட்டார்.

அந்த வாசலில் நின்றபடி சொல்லக்கூடியது அதிகமில்லை. ஆனால் வீடு திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே இவ்வாரம் ஓர் அம்மையாரின் வாழ்க்கையை வாசகர்கள் முன் வைக்கிறேன். அவர் தாதி அல்லர், டாக்டர். எமது சபையைச் சேர்ந்தவரும் அல்லர். அமெரிக்கப் புரட்டஸ்தாந்து மிஷனரி. ஆயினும் தாதியர் இல்லாமல் வைத்தியம் இல்லை என்பதைத் தம் இரு கைகளாலும் பட்டறிந்து, அதன்படி ஒரு பெரும் ஆஸ்பத்திரியையே கட்டியெழுப்பியவர். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் எம் மாவட்டத்தில் அநேக வீடுகளில் தெரிந்த பெயர். இங்கே தீராத நோயென்றால் சென்னைக்குப் பயணமாகி, அங்கிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்குகிறார்களே, அந்த வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரிதான் அது.

ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9இல் இன்றைய தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையில் பிறந்தார். ஐந்து அண்ணன்மாருக்குப் பின் வந்த ஒரே பெண். தகப்பனார் ஜோன் ஸ்கடர் வைத்திய மிஷனரி. பாட்டனாரும் அதே பெயருடைய வைத்தியர். இந்தப் பாட்டனார் எங்களுக்கு அந்நியர் அல்லர். 1819இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்து, 1836இலேயே சென்னைக்குப் போனவர். வேலூரின் வேர் ஒன்று எங்கள் வடபகுதி மண்ணிலும் ஓடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

சிறுமி ஐடாவுக்கு ஏழு வயது நிரம்புமுன் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், பசியால் கை நீட்டவும் பலமற்ற பிள்ளைகளின் வாயில் பாண் துண்டுகளைப் பிட்டு ஊட்டும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்தக் காட்சிகள் அவருக்கு இந்தியாவின்மேல் ஆசையை உண்டாக்கவில்லை. பயத்தையும் வெறுப்பையுமே உண்டாக்கின. குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்தவர், தாம் மட்டும் மிஷனரி ஆவதில்லை என்று உறுதியாயிருந்தார். நல்ல உடை, நண்பர்கள், கலியாணம் என்ற சாதாரண ஆசைகளே அவருக்கும் இருந்தன. புனிதர்களின் சரிதைகளைப் படித்துப் பழகிய நாம் இதை மறைத்து எழுத வேண்டியதில்லை.

1890இல், தாயார் சுகவீனமாயிருந்தபடியால், சிறிது காலம் துணையாயிருக்கவென்று திண்டிவனத்துக்கு வந்தார். வந்த இடத்தில் ஓர் இரவு நடந்ததுதான் அவருடைய வாழ்வைத் திருப்பியது. பிராமண இளைஞர் ஒருவர் கதவைத் தட்டினார். அவருடைய மனைவி, சிறு பெண், பிரசவ வேதனையில் கிடக்கிறாள், மருத்துவிச்சிகள் கைவிட்டுவிட்டார்கள், ஐடா வரவேண்டும். தாம் வைத்தியர் அல்ல, தகப்பனாரே வைத்தியர், அவரை அழைத்து வருகிறேன் என்று ஐடா சொல்ல, அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று அந்த மனிதர் திரும்பிப் போனார். அதே இரவில் முஸ்லிம் ஒருவர் வந்தார். அதன்பின் வேறொரு இந்து வந்தார். மூவருக்கும் ஒரே தேவை. மூவருக்கும் ஒரே பதில். விடியற்காலையில் சாப்பறை ஒலித்தது. விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று தெரியவந்தது. ஐடா அறையில் அடைந்து கிடந்து செபித்துவிட்டு, வெளியே வந்து, தாம் அமெரிக்கா சென்று வைத்தியம் படித்துத் திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் இந்த இரவோடு நின்று, அவர் டாக்டரான கதைக்குப் போய்விடுகிறார்கள். நான் இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். அந்த மூன்று வீடுகளுக்கும் அன்று தேவைப்பட்டது என்ன? பட்டம் பெற்ற வைத்தியர் வந்திருந்தால் நல்லதுதான். ஆனால் முறையாகப் பயின்ற ஒரு மருத்துவமாது அந்தத் தெருவிலேயே இருந்திருந்தால், கை கழுவத் தெரிந்தவளாய், ஆபத்தின் அறிகுறியை வேளையோடு காணத் தெரிந்தவளாய், எவரை எப்போது கூப்பிடவேண்டும் என்று அறிந்தவளாய் ஒருத்தி இருந்திருந்தால், மூவரில் ஒருவராவது பிழைத்திருக்கலாம் அல்லவா? இந்த உண்மை ஐடாவுக்குப் பின்னாளில் வேலை செய்யும்போதே முழுவதும் விளங்கியது.

பிலடெல்பியாவில் மகளிர் வைத்தியக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கி, பெண்களுக்கு அப்போதுதான் கதவைத் திறந்திருந்த கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் பட்டம் பெற்றார். நியூயோர்க்கில் ஷெல் என்ற முதியவர் காலஞ்சென்ற மனைவியின் ஞாபகார்த்தமாக ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பத்தாயிரம் டொலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். தகப்பனாரிடம் தொழில் பழகலாம் என்ற எண்ணத்தோடு வந்தவருக்கு, சில மாதங்களிலேயே தகப்பனாரை அடக்கஞ்செய்ய நேர்ந்தது.

தனியே நின்ற பெண் டாக்டரிடம் ஆரம்பத்தில் நோயாளர் வரத் தயங்கினர். பங்களாவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றே வைத்தியசாலை. பின்னர் கூட்டம் சேர்ந்தபோது வேறொரு தொல்லை தொடங்கியது. சத்திரசிகிச்சை செய்யும் கை ஒன்று இருந்தால் போதுமா? மயக்கமருந்து கொடுப்பது யார், ஆயுதங்களைக் கொதிக்கவைத்து எடுத்துத் தருவது யார், இரவு முழுதும் பக்கத்தில் இருந்து நாடி பார்ப்பது யார், கட்டு அவிழ்ப்பது யார், பயந்து அழும் பெண்ணுக்கு அவளுடைய பாஷையில் ஆறுதல் சொல்வது யார்? அமெரிக்காவில் இவையெல்லாம் யாரோ செய்துவைத்த காரியங்களாக இருந்தபடியால் மாணவியின் கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. வேலூரில் யாருமில்லை. முதல் பெரிய சத்திரசிகிச்சையை அவர் செய்தபோது துணைக்கு நின்றது, வீட்டுப் பணியாளர் ஒருவருடைய மனைவி மட்டுமே. சலோமி என்ற பெண்ணை அவர் படிப்படியாகப் பழக்கி, மருந்து கலக்கவும், கட்டுக் கட்டவும், சிகிச்சை வேளையில் உதவவும் கற்பித்தார். வேலூர் ஆஸ்பத்திரியின் முதல் உதவியாளர்கள் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர்; அடுப்படியிலிருந்து வந்தவர்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்கு அந்தச் சிறு கூட்டம் சிகிச்சை அளித்தது.

1902இல் நாற்பது கட்டில்களோடு மேரி டேபர் ஷெல் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. கட்டில் நாற்பது என்றால் இரவும் நாற்பது கட்டில்களுக்கு உண்டு. டாக்டர் வாட்டைச் சுற்றி வருவது நாளொன்றுக்குச் சில நாழிகை. மிச்ச நேரமெல்லாம் நோயாளியைக் காப்பது தாதியின் கண். ஆகவே 1909இல், டெலியா ஹூட்டன் என்ற பயிற்சி பெற்ற தாதியின் துணையோடு, ஐடா தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

இந்த ஆண்டைக் கவனிக்கவேண்டுகிறேன். பெண்களுக்கு வைத்தியம் கற்பிக்கும் பள்ளியை அவர் ஆரம்பித்தது 1918இல். தாதியர் பள்ளி அதற்கு ஒன்பது ஆண்டு முந்தியது. டாக்டரான ஒருவர், தம்மைப்போன்ற டாக்டர்களை உண்டாக்குமுன் தாதியரை உண்டாக்கப் பாடுபட்டார்.

அது இலகுவான காரியமல்ல. எங்கள் கப்பல்துறைத் தகப்பனாரின் கேள்வியை அன்றைய வேலூரில் ஒவ்வொரு தகப்பனாரும் கேட்டார். பிறர் உடம்பைத் தொடுவது, இரத்தமும் மலசலமும் எடுப்பது, சாதி பாராமல் எல்லாரையும் கழுவித் துடைப்பது, கலியாணமாகாத பெண் இரவில் வீட்டுக்கு வெளியே இருப்பது: இவற்றில் எதையும் மரியாதையுள்ள குடும்பம் ஒப்புக்கொள்ளாத காலம். பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களும் போக்கிடமில்லாத பெண்களுமே முதலில் வந்தார்கள். வந்தவர்களுக்கு ஐடா காட்டிய மரியாதை, தாமே அந்த வேலையைச் செய்து காட்டியதுதான்.

அதே 1909இல் வேலூருக்கு ஒரு மோட்டார் வண்டி வந்தது. பிரான்ஸ் தேசத்துப் பேஷோ வண்டி. அது புகைந்து கத்திக்கொண்டு வருவதைக் கண்ட கிராமத்தவர், பிசாசு வருகிறது என்று வயலுக்குள் ஓடினார்களாம். நாளடைவில் குடியாத்தம் போகும் வீதியில் குறித்த மரங்களின் கீழ் வாரந்தோறும் சனம் கூடிக் காத்திருக்கும் நிலை வந்தது. வண்டியிலே டாக்டர் மட்டும் வரவில்லை. தாதியும் கம்பவுண்டரும் கூடவே வந்தார்கள். டாக்டர் பார்த்துச் சொல்வார்; தாதி புண் கழுவிக் கட்டுவார், கண்ணுக்கு மருந்து விடுவார்; கம்பவுண்டர் போத்தலில் மருந்து ஊற்றுவார். குஷ்டரோகிகளுக்கும் அந்த மரநிழலில் இடமுண்டு. கட்டடமில்லாத அந்த ஆஸ்பத்திரியில் யாருடைய வேலை பெரிது என்ற பேச்சுக்கு இடமிருந்திராது. ஒருவர் வராவிட்டால் மற்ற இருவரின் பயணமும் வீண்.

1918இன் கதையைச் சுருங்கச் சொல்லுகிறேன். சென்னை மாகாணத்தின் தலைமை வைத்திய அதிகாரி, மூன்று பெண்கள்கூட விண்ணப்பிக்க மாட்டார்கள், ஆறு பேர் சேர்ந்தால் நடத்திக்கொள்ளுங்கள் என்ற பாவனையில் அனுமதி கொடுத்தார். விண்ணப்பங்கள் 151 வந்தன. முதல் பரீட்சைக்குத் தோற்றிய 14 பேரும் சித்தியெய்தினர். அதே பரீட்சையில் மாகாணத்து ஆண் மாணவரில் ஐந்தில் ஒருவரே தேறியிருந்தார். கதை இனிப்பானதுதான். ஆனால் அந்தப் பதினான்கு பேரும் வாட்டுக்குள் காலடி வைத்தபோது அங்கே அவர்களுக்குக் கட்டில் விரிக்கவும் நோயாளியைத் திருப்பிக் கிடத்தவும் கற்றுக்கொடுக்க ஒன்பது வருடப் பழக்கமுள்ள தாதியர் இருந்தார்கள் என்பதை எழுதுவோர் மறந்துவிடுகிறார்கள்.

இங்கே எமது திருச்சபையைப் பற்றியும் ஒளிக்காமல் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நோயாளரைப் பராமரிப்பதில் எமது கன்னியர் எவருக்கும் பின்னிற்கவில்லை. கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் மரியாளின் பிரான்சிஸ்கு மிஷனரிக் கன்னியர் 1886 முதல் பணியாற்றியதைப் பெரியவர்கள் அறிவர். ஆனால் கன்னியர்கள் வைத்தியத் தொழில் செய்வதும் பிரசவம் பார்ப்பதும் அக்காலத் திருச்சபை ஒழுங்கில் தடுக்கப்பட்டிருந்தது. அக்னெஸ் மக்லாரன் என்ற ஸ்கொத்லாந்து வைத்தியப் பெண்மணி, முதிய வயதில் கத்தோலிக்கராகி, இத்தடையை நீக்கும்படி உரோமையிடம் திரும்பத் திரும்ப மன்றாடினார். அவரைப் பற்றிய சிறு நூலொன்றைப் படித்த அவுஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரி 1920இல் குண்டூருக்கு வந்து, பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பரின் விசேட அனுமதியோடு கன்னியராயும் வைத்தியராயும் பணிசெய்தார். பொதுவான அனுமதி 1936இலேயே வந்தது. திண்டிவனத்து மூன்று மரணங்களுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையில் நாற்பது வருடத்துக்கு மேல். எத்தனை தாய்மார் அதற்குள் போயிருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. பின்னர் 1943இல் அந்த அருட்சகோதரி மேரி குளோரியே இந்தியக் கத்தோலிக்க ஆஸ்பத்திரிகளை ஒரே சங்கமாக இணைத்தார். 2013இல் அவர் இறை ஊழியர் என அறிவிக்கப்பட்டார். குண்டூரும் வேலூரும் வெவ்வேறு சபைகளின் முற்றத்தில் நின்றாலும் ஒரே கிணற்றில் நீர் மொண்டவை.

மீண்டும் வேலூருக்கு வருவோம். 1938இல் சென்னை அரசாங்கம் வைத்தியக் கல்வியைப் பல்கலைக்கழகப் பட்டத் தரத்துக்கு உயர்த்தும்படி கட்டளையிட்டது. வேலூர்ப் பள்ளிக்கு அதற்கான கட்டடமும் இல்லை, பேராசிரியர்களும் இல்லை, பணமும் இல்லை. ஆண்களுக்காகவும் நடத்தப்படும் பொதுக் கல்லூரியாக மாறினால் பல மிஷன்கள் சேர்ந்து கைகொடுக்கும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்கென்று பெண்களே கட்டிய கல்லூரி இது. அதை ஆண்களிடம் கொடுப்பதா என்று, அமெரிக்காவில் ஆண்டாண்டாகப் பணம் திரட்டித் தந்த லூசி பீபொடி அம்மையார் கொதித்தெழுந்தார். ஐடா நெடுநாள் தயங்கினார். இறுதியில் கல்லூரி பிழைப்பதே பெரிதென்று கண்டு, பொதுக் கல்லூரிக்குச் சம்மதித்தார். பழைய சிநேகிதி பகையானார். எழுபது வயதைக் கடந்த ஐடா யுத்த காலத்தில் அமெரிக்காவெங்கும் ஊரூராகச் சென்று பணம் சேர்த்தார். 1942இல் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று. 1947இல் ஆண் மாணவர் சேர்ந்தனர். தாம் கட்டியதைத் தம் கையைவிட்டுப் பிறர் கையில் பங்கிடுவது, அதைக் கட்டுவதிலும் கடினம் என்பது பங்குகளையும் பள்ளிகளையும் நடத்துகிற எம்போன்றோருக்குத் தெரியும்.

1946இல் தாதியர் பள்ளியும் உயர்ந்தது. இந்தியாவில் தாதியர் தொழிலுக்குப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு அவ்வாண்டில்தான் தொடங்கியது. தொடங்கிய இடங்களில் ஒன்று வேலூர். டாக்டருக்குப் பட்டம், தாதிக்குச் சான்றிதழ் என்ற வேற்றுமையில் ஒரு கல் பெயர்ந்தது. தாதியரை நடத்துவது தாதியரே, அவர்களுடைய படிப்பை வகுப்பதும் அவர்களே, ஆஸ்பத்திரி நிர்வாகத்திலும் அவர்களுக்கு இடமுண்டு என்ற வழக்கம் அங்கே ஊன்றியது.

இது வெறும் கௌரவப் பிரச்சினையல்ல. சில வருடங்களுக்கு முன் நான் ஓர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டில் முதியவரின் மூச்சு நள்ளிரவில் மாறியதை இரவுத் தாதி கண்டு குறித்து வைத்து, காலையில் வந்த டாக்டரிடம் சொன்னார். கேட்காததைச் சொல்லவேண்டாம் என்று எல்லார் முன்னும் அதட்டு விழுந்தது. அந்தப் பிள்ளை முகம் சிவந்து ஒதுங்கிக்கொண்டாள். மாலையில் அதே டாக்டரை அவசரமாக அழைக்க வேண்டி வந்தது. முதியவர் பிழைத்துக்கொண்டார், கடவுளுக்கு நன்றி. ஆனால் அடுத்தமுறை இரவில் எதையாவது கண்டால் அந்தப் பிள்ளை வாய் திறப்பாளா?

வேலூரிலிருந்தே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. குஷ்டரோகிகளின் மடங்கிய கைகளைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தும் வேலையை டாக்டர் போல் பிராண்ட் அங்கே 1948இல் தொடங்கினார். கைகள் நிமிர்ந்தன. ஆயினும் நோயாளர் சிலர் காலையில் எழும்போது விரல் நுனி குறைந்திருந்தது. நோய்தான் விரலைத் தின்கிறது என்று நம்பியிருந்த காலம். இரவில் ஆள் வைத்துக் கவனித்தபோது, உணர்ச்சியற்ற விரல்களை எலி கடித்துப் போவது தெரியவந்தது. அதற்குப் பின் நோயாளர் வசிக்குமிடத்தில் பூனை வளர்க்கப்பட்டது. உலகப் பிரசித்தி பெற்ற சத்திரவைத்தியரின் கத்தி காணாததை இரவில் விழித்திருந்த கண் கண்டது. சத்திரசிகிச்சைக்குப்பின் கையைப் பழக்க உடற்பயிற்சி நிபுணர் வேண்டும். காலில் புண் வராதிருக்க மெத்தென்ற றப்பர்ச் செருப்புத் தைப்பவர் வேண்டும். பிராண்ட் அவர்களெல்லாரையும் ஒரே வேலையின் பங்காளிகளாக வைத்துக்கொண்டார். 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அக்கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்ததும் அந்தக் கூட்டத்தின் தோளில் சாய்ந்துதான்.

ஐடா 1946இல் ஓய்வு பெற்று, பெரும்பாலும் கொடைக்கானல் மலையிலிருந்த தமது வீட்டில் வசித்தார். அவருக்குப்பின் இந்தியரான டாக்டர் ஹில்டா லாசரஸ் பொறுப்பேற்றதைக் கண்டு மகிழ்ந்தார். ஊரும் விலாசமும் சரியாக இல்லாமல் அவர் பெயரையும் இந்தியா என்ற சொல்லையும் மட்டும் எழுதிய கடிதம் தவறாமல் வந்து சேர்ந்ததாக ஒரு கதை சொல்வார்கள்; அந்தத் தபாற்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. 1960 மே 24இல், தமது 89ஆம் வயதில், கொடைக்கானலில் காலமானார். உடல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு அங்கேயே அடக்கஞ்செய்யப்பட்டது. கலியாணம் செய்யாதவர், பிள்ளை குட்டியில்லை. மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தமது ஊழியத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தையே அந்தக் கல்லூரியின் விருதுவாக்கு. வைத்திய மாணவருக்கும் தாதிய மாணவியருக்கும் அது ஒன்றே.

கப்பல்துறைத் தாயாரும் தகப்பனாரும் இந்த இதழைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். நற்சான்றுக் கடிதம் தேவைப்பட்டால் மகளையே அனுப்பிவைக்கலாம். சனிக்கிழமை மாலைகளில் நான் அறைவீட்டில் இருப்பேன்.